கம்பியில்லாத் திரை இணைப்பு: மேல்மலையனூர் வட்டார வகுப்பறைகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கம்பியில்லாத் திரை இணைப்பு என்பது கணினி அல்லது கைபேசியில் உள்ள காட்சியையும் ஒலியையும் கேபிள் இல்லாமல் ரேடியோ அலை வழியாகத் தொலைக்காட்சி, ப்ரொஜெக்டர், திறன்பலகை போன்ற பெரிய திரைக்கு அனுப்பும் முறை. மிராகாஸ்ட், குரோம்காஸ்ட், ஏர்ப்ளே ஆகியவை இதில் பரவலாக அறியப்பட்டவை. விஜிஏ, எச்டிஎம்ஐ போன்ற கேபிள்களுக்கு மாற்றாக இவை விற்கப்படுகின்றன. இந்த மாற்று எந்த அளவுக்கு உண்மையானது, எங்கே பயன்படும், எங்கே கைவிடும் என்பதை விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் வட்டாரம் போன்ற ஓர் ஊர்ப்புறச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

மேல்மலையனூர் செஞ்சியிலிருந்து வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்காளம்மன் கோயிலால் தமிழகம் முழுவதும் அறியப்பட்ட ஊர். வட்டத் தலைமையிடமும் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் இதுவே. சுற்றியுள்ள சிற்றூர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் அரசுப் பள்ளிகளில் படிப்பவர்கள்.

தமிழக அரசுப் பள்ளிகளுக்குத் திரைகள் வந்து சேர்ந்தது கடந்த சில ஆண்டுகளில்தான். 2019ஆம் ஆண்டையொட்டி 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. அடுத்த கட்டமாக 8,209 ஆய்வகங்களும் 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் அமைக்கும் பணி 2023இல் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் வழியாகக் கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரானுக்கு வழங்கப்பட்டது. அதன் மதிப்பு 1,000 கோடி ரூபாய்க்கு மேல். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலும் மணற்கேணி செயலி 2023 ஜூலையிலும் தொடங்கப்பட்டன. பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன.

இதனால் வகுப்பறைக்குள் ஒரு புதிய கேள்வி எழுந்தது. பாடம் ஆசிரியரின் கைபேசியில் இருக்கிறது. திரை சுவரில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படம் எப்படிப் போவது? பொதுப்பணத்தில் வாங்கிய திரை தினமும் பயன்படுகிறதா, துணி போர்த்தி வைக்கப்படுகிறதா என்பதைப் பெரும்பாலும் இந்தச் சிறிய கேள்விதான் தீர்மானிக்கிறது.

கேபிளின் வரலாறு

விஜிஏ இணைப்பை ஐபிஎம் நிறுவனம் 1987இல் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் அறிமுகப்படுத்தியது. 15 ஊசிகள் கொண்ட அந்த நீல முனை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல பள்ளி, கல்லூரி ப்ரொஜெக்டர்களில் இன்னும் இருக்கிறது. டிவிஐ 1999இலும் எச்டிஎம்ஐ 2002 இறுதியிலும் டிஸ்ப்ளேபோர்ட் 2006இலும் வந்தன. எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பு நொடிக்கு 4.95 ஜிகாபிட் தரவைக் கடத்தியது. 2013இல் வந்த 2.0 பதிப்பு 18 ஜிகாபிட்டும், 2017இல் வந்த 2.1 பதிப்பு 48 ஜிகாபிட்டும் கடத்தும்.

கேபிளுக்கும் குறைகள் உண்டு. விஜிஏ முனையின் ஊசி ஒன்று வளைந்தாலே படத்தில் ஒரு நிறம் காணாமல் போகும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. தரையில் கிடக்கும் கேபிளில் பிள்ளைகள் தடுக்கி விழலாம். விழும்போது மடிக்கணினியும் கூடவே விழும். அடிக்கடி செருகிப் பிடுங்குவதால் துளை தளர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேபிள் ஆசிரியரை மேசையோடு கட்டிப்போடுகிறது. கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டு திரையை நகர்த்த அவரால் முடியாது. கம்பியில்லா முறைக்கு ஆதரவான வாதங்களில் கல்வி சார்ந்து வலுவானது இதுவே.

கம்பியில்லா முறைகளின் வரலாறு

கேபிளை நீக்கும் முயற்சி இரண்டு வழிகளில் நடந்தது. முதல் வழி, கேபிள் கடத்தும் அளவுக்கே தரவைக் காற்றில் கடத்துவது. 2008இல் வெளியான வயர்லெஸ்எச்டி தரநிலை இதற்காக 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தியது. அதன் அலைநீளம் 5 மில்லிமீட்டர். இத்தகைய மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு 1890களிலேயே கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் ஆய்வுகள் செய்திருக்கிறார். இவ்வலை பெருமளவு தரவைச் சுமக்கும். ஆனால் சுவரைத் தாண்டாது. குறுக்கே ஒரு ஆள் நின்றாலே பெரிதும் தடைபடும். இந்த வழி வீட்டுச் சந்தையில் பரவவில்லை.

இரண்டாவது வழி, படத்தை மிகவும் சுருக்கி, ஏற்கெனவே எல்லாக் கருவியிலும் இருக்கும் வைஃபை வழியாக அனுப்புவது. வென்றது இதுதான். இன்டெல் நிறுவனத்தின் வைடை 2010இல் வந்தது. ஆப்பிளின் ஏர்ப்ளேயும் அதே ஆண்டில் வந்தது. வைஃபை கூட்டமைப்பு 2012இல் மிராகாஸ்ட்டை அறிமுகப்படுத்தியது. கூகுளின் குரோம்காஸ்ட் 2013 ஜூலையில் வெளியானது.

செயல்படும் விதம்

முழு உயர்தெளிவுப் படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் நிறத் தகவல். நொடிக்கு 60 படங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட். எச்டிஎம்ஐ கேபிள் இதை அப்படியே, சுருக்காமல் அனுப்புகிறது. கம்பியில்லா முறையில் கைபேசியின் சில்லு இதே படத்தை நொடிக்கு 10 மெகாபிட் போன்ற அளவுக்குச் சுருக்குகிறது. அதாவது முந்நூறில் ஒரு பங்கு. மறுமுனையில் உள்ள கருவி அதை விரித்துத் திரையில் காட்டுகிறது.

எனவே "கேபிளுக்குப் பதில் காற்று" என்று சொல்வது முழு உண்மை அன்று. கேபிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சுருக்கும் கருவி, ஒரு அனுப்பும் கருவி, ஒரு வாங்கும் கருவி, ஒரு விரிக்கும் கருவி, இவற்றை இயக்கும் மென்பொருள் ஆகியவற்றை வைக்கிறோம். பழுதாகக்கூடிய இடங்கள் கூடுகின்றன. அவை கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

மாணவர்கள் இங்கே இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். கைபேசித் திரையில் தெரிவதை அப்படியே பெரிய திரையில் காட்டுவது பிரதிபலிப்பு. மிராகாஸ்ட் செய்வது இது. இதற்கு இணையம் தேவையில்லை, இரு கருவிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். குரோம்காஸ்ட்டின் இயல்பான முறை வேறு. அதில் கைபேசி வெறும் ரிமோட் போலச் செயல்படுகிறது. திரையில் உள்ள கருவி தானே இணையத்திலிருந்து காணொளியை இழுத்துக்கொள்கிறது. கைபேசியின் மின்கலம் மிச்சமாகும். ஆனால் இணையம் நின்றால் பாடமும் நிற்கும். இணையம் உறுதியில்லாத ஊர்ப் பள்ளிக்கு இவ்விரண்டில் எது வாங்கப்படுகிறது என்பது சிறிய விவரம் அன்று.

விமர்சனம்

1. தெளிவு

திரைப்படமோ விளையாட்டோ பார்க்கும்போது சுருக்கத்தின் இழப்பு பெரிதாகத் தெரியாது. எழுத்தைப் படிக்கும்போது தெரியும். சுருக்கும் முறைகள் பொதுவாக ஒளி வேறுபாட்டை முழுதாக வைத்துக்கொண்டு நிறத் தகவலை நான்கில் ஒன்றாகக் குறைக்கின்றன. சிவப்புப் பின்னணியில் நீல எழுத்து போன்றவை ஓரங்களில் கலங்கிப்போகும். பக்கத்தை வேகமாக நகர்த்தினால் எழுத்துகள் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடைந்து பிறகு தெளியும்.

தமிழ் எழுத்துக்கு இது கூடுதல் சிக்கல். மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்துவது ஒரு புள்ளி. ன, ண வேறுபாடு ஒரு சுழி. சிறிய எழுத்தில், மங்கிய ப்ரொஜெக்டரில், சுருக்கிய படத்தில் இந்தப் புள்ளியும் சுழியும்தான் முதலில் கரையும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முதல் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிட முடியாது. பெரிய எழுத்தும் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தும் பயன்படுத்தினால் இழப்பைப் பெரிதும் குறைக்கலாம்.

2. தாமதம்

கேபிளில் தாமதம் உணர முடியாத அளவு. கம்பியில்லா முறையில் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குப் பத்தில் ஒரு நொடியோ அதற்கு மேலோ ஆகும். பதிவு செய்த காணொளியை ஓட்டும்போது இது தொந்தரவு தராது. எழுதுகோலால் திரையில் கணக்குப் போட்டுக்காட்டும் ஆசிரியருக்கு, கை முந்தியும் கோடு பிந்தியும் போகும். ஒலி ஒரு கருவியிலும் படம் வேறொரு கருவியிலும் இருந்தால் உதடும் சொல்லும் ஒட்டாது. ஆங்கில உச்சரிப்புப் பாடத்தில் இதன் பாதிப்பு நேரடியானது.

3. நெரிசல்

கேபிள் தனக்கென்று ஒரு பாதை வைத்திருக்கிறது. பக்கத்து வகுப்பில் எத்தனை திரைகள் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. வைஃபை பொதுப்பாதை. விலை குறைந்த கருவிகள் நம்பியிருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. வரிசையாக ஐந்து வகுப்பறைகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் குறைந்தது இரண்டு வகுப்புகள் ஒரே தடத்தில் நின்று ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டும். ரவுட்டர் வழியாக அனுப்பும்போது ஒரே தரவு கைபேசியிலிருந்து ரவுட்டருக்கும் ரவுட்டரிலிருந்து திரைக்குமாக இருமுறை காற்றைக் கடக்கிறது.

மேல்மலையனூரில் இதைப் புரிந்துகொள்ள அமாவாசை நாளை நினைத்தால் போதும். நள்ளிரவு ஊஞ்சல் உற்சவத்துக்கும், மாசி மாத மயானக் கொள்ளைக்கும் பெருங்கூட்டம் கூடுகிறது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைபேசி, அதாவது ஒரு ரேடியோ. மனித உடலில் உள்ள நீர் வைஃபை அலையை ஓரளவு உறிஞ்சவும் செய்கிறது. இத்தகைய கூட்டத்துக்கு நடுவே திரை வைத்து உற்சவத்தையோ அறிவிப்பையோ காட்ட விரும்புபவர் கம்பியில்லா இணைப்பை நம்புவது தவறு. காணாமற்போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பு திரையில் வர வேண்டிய நேரத்தில் இணைப்பு அறுந்தால், அதற்கு விலை வேறு.

4. பழுது பார்த்தல்

இணைப்பு வேலை செய்யாதபோது என்ன நடக்கிறது என்பதே இவ்விரு முறைகளையும் ஒப்பிடச் சரியான அளவுகோல். கேபிள் கெட்டால் வேறொரு கேபிளைச் செருகிப் பார்த்து ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். புதிய கேபிளின் விலை சில நூறு ரூபாய். செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ கடையில் கிடைக்கும். கம்பியில்லா இணைப்பு கிடைக்காதபோது காரணம் கைபேசியா, ரவுட்டரா, கடவுச்சொல்லா, மென்பொருள் புதுப்பிப்பா, பக்கத்து வகுப்பா என்று ஆசிரியருக்குத் தெரியாது. 40 நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் இதில் போனால் கால்பங்குப் பாடம் போயிற்று. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை ஆசிரியர் சாக்பீஸைத்தான் எடுப்பார். அதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை.

5. நிறுவனங்களைச் சார்ந்திருத்தல்

கேபிளுக்குக் காலாவதி நாள் கிடையாது. கம்பியில்லாக் கருவிக்கு உண்டு என்பதை 2025 மார்ச் மாதம் உலகம் பார்த்தது. 2015இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் திடீரென்று வேலை செய்யாமல் போயின. அவற்றை நம்பகமானவை என்று அடையாளம் காட்டும் மின்னணுச் சான்று பத்து ஆண்டுகளில் காலாவதியாகிவிட்டதே காரணம். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. கூகுள் சில நாட்களில் சரிசெய்யும் மென்பொருளை அனுப்பியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஆகஸ்டில், குரோம்காஸ்ட் வரிசையின் உற்பத்தியையே அந்நிறுவனம் நிறுத்திவிட்டிருந்தது. இன்டெல்லின் வைடையும் 2016இல் கைவிடப்பட்டது.

தரநிலைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஐபோன் மிராகாஸ்ட்டை ஏற்பதில்லை. கூகுளின் பிக்சல் கைபேசிகளும் ஏற்பதில்லை. சாம்சங் போன்ற பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் ஏற்கின்றன. ஒரு பள்ளியில் பத்து ஆசிரியர்களிடம் பத்து வகைக் கைபேசிகள் இருக்கும். எச்டிஎம்ஐ துளை உள்ள எந்தக் கருவியையும் எந்தத் திரையோடும் இணைக்கலாம் என்ற எளிமை இங்கே இல்லை.

கேபிள் ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியவை

மேற்கண்ட குறைகளைப் பட்டியலிட்டுவிட்டு "கேபிளே போதும்" என்று முடிப்பது நேர்மையாகாது. காரணம், பல கைபேசிகளில் கேபிள் வழி என்பதே இல்லை. யூஎஸ்பி-சி துளை வழியாகத் திரைக்குப் படம் அனுப்பும் வசதி விலை உயர்ந்த கைபேசிகளில்தான் பெரும்பாலும் தரப்படுகிறது. குறைந்த விலைக் கைபேசிகளில் துளை அதே வடிவில் இருக்கும்; படம் மட்டும் வெளியே வராது. 2010இல் வந்த எம்எச்எல் என்ற கேபிள் முறையும் வழக்கொழிந்துவிட்டது. பாடநூலின் கியூஆர் குறியீட்டைத் தன் சொந்தக் கைபேசியில் படித்துக் காட்ட விரும்பும் ஆசிரியருக்குக் கம்பியில்லா முறைதான் பெரும்பாலும் ஒரே வழி. இந்த நிலையை உண்டாக்கியவர்கள் கைபேசி உற்பத்தியாளர்கள். அதன் சுமை ஆசிரியர் மேல் விழுகிறது.

இரண்டாவதாக, மாணவர் பங்கேற்பு. ஒரு குழு தன் செயல்திட்டத்தை இருந்த இடத்திலிருந்தே திரையில் காட்டவும், அடுத்த குழு அதே இடத்தில் தொடரவும் கம்பியில்லா முறை வசதியானது.

மூன்றாவதாக, கம்பி இழுக்கவே கூடாத இடங்கள் உள்ளன. செஞ்சிக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகளின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. அத்தகைய கட்டடத்தின் சுவரில் ஆணி அடித்துக் கேபிள் இழுக்க இயலாது. மாணவர் குழுவுக்கு அங்கே ஒரு விளக்கக்காட்சி நடத்த வேண்டுமானால், ஒரே அறைக்குள் கம்பியில்லா இணைப்பு பொருத்தமானது. அடுத்த அறைக்கு அனுப்ப முயன்றால் தடித்த கற்சுவர் அலையைத் தடுத்துவிடும்.

"கம்பியில்லா" என்ற சொல்லும் முழுமையானது அன்று. 2023 ஜனவரியில் எல்ஜி நிறுவனம் 97 அங்குலக் கம்பியில்லாத் தொலைக்காட்சி ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதில் படமும் ஒலியும் தனிப்பெட்டியிலிருந்து காற்றில் வருகின்றன. மின்சாரக் கம்பி மட்டும் சுவரில் இருந்தே தீரும். வகுப்பறையிலும் அப்படியே. மின்சாரத்துக்காகச் சுவரில் குழாய் பதிக்கும்போதே பக்கத்தில் இன்னொரு குழாய் பதித்து அதில் காட்சிக் கேபிளையும் இழுத்துவிட்டால் கூடுதல் செலவு சொற்பம். (இடையூறு தவிர்க்க இரண்டையும் தனித்தனிக் குழாயில் இழுப்பது நல்லது.)

இடைப்பட்ட வழி

கேபிளின் நீளக் குறைக்குக் கம்பியில்லா முறை ஒன்றுதான் தீர்வு என்ற எண்ணமும் தவறு. கணினி வலையமைப்புக்குப் பயன்படும் சாதாரண கேட்-6 கம்பி வழியாகவே காட்சியை அனுப்ப முடியும். 2010இல் உருவான எச்டிபேஸ்டி முறை இவ்வாறு 100 மீட்டர் வரை அனுப்பும். இந்தக் கம்பிக்கு முனை பொருத்தச் சிறு கருவி ஒன்று போதும். கேபிள் டிவி, இணைய இணைப்பு வேலை செய்யும் உள்ளூர் இளைஞர்களுக்குத் தெரிந்த வேலை. இருமுனையிலும் சிறு பெட்டி வைக்க வேண்டும் என்பதும் அதன் விலையும்தான் குறை. கூடம், கலையரங்கம் போன்ற பெரிய இடங்களுக்கு இதுவே ஏற்றது.

மதிப்பீடு

கம்பியில்லாத் திரை இணைப்பு கேபிளுக்குத் துணையாக நன்றாக வேலை செய்கிறது. கேபிளை அப்புறப்படுத்தும் மாற்றாக இன்னும் தகுதி பெறவில்லை. இந்த முடிவு வசதியான அலுவலகத்துக்கும் பொருந்தும். ஆனால் அங்கே இணைப்பு அறுந்தால் தொழில்நுட்ப உதவியாளர் வருவார். ஒன்றியத்தின் கடைக்கோடி ஊரில் உள்ள தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள்தான் இருப்பார்கள், அவர்களே எல்லாமும். ஆகவே அங்கே தவறான தேர்வின் பாதிப்பு அதிகம். புதுமை என்ற பெயரில் பழுதுபார்க்க முடியாத ஒன்று முதலில் சென்று சேர்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட பள்ளிகளுக்குத்தான்.

பள்ளிக்கோ நிறுவனத்துக்கோ திரை வாங்குபவர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்.

- திரையில் குறைந்தது ஒரு எச்டிஎம்ஐ துளை எட்டும் உயரத்தில், திறந்த நிலையில் இருக்கிறதா?
- இணையம் இல்லாதபோதும் கைபேசியிலிருந்து படம் அனுப்ப முடியுமா?
- பள்ளி ஆசிரியர்கள் உண்மையில் வைத்திருக்கும் கைபேசிகளைக் கொண்டு சோதிக்கப்பட்டதா?
- பக்கத்து வகுப்புகள் எல்லாம் ஓடும்போது சோதிக்கப்பட்டதா, தனியறையில் மட்டுமா?
- பக்கத்து வகுப்பிலிருந்தோ வெளியிலிருந்தோ வேறொருவர் திரையைப் பிடித்துக்கொள்ளாதபடி ஒவ்வொரு முறையும் எண் கேட்கும் வசதி உள்ளதா?

ஐந்துக்கும் ஆம் என்ற பதில் வந்தால் கம்பியில்லா இணைப்பைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அப்போதும் ஒரு கேபிளைச் சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்திருப்பது நல்லது.

இனி வரும் கருவிகளில் குறைகள் குறையலாம். நெரிசல் குறைந்த புதிய அலைவரிசைகளும் வேகமான வைஃபை தலைமுறைகளும் தெளிவையும் தாமதத்தையும் மேம்படுத்தும். ஆனால் மேலே சொன்ன நான்காவது, ஐந்தாவது குறைகளை வேகம் தீர்க்காது. உள்ளூரிலேயே பழுதுபார்க்கக்கூடியதாகவும், எல்லாக் கருவிக்கும் பொதுவானதாகவும், ஒரு நிறுவனத்தின் முடிவால் ஒரே நாளில் நின்றுவிடாததாகவும் இணைப்பு இருக்க வேண்டும் என்பது கொள்முதல் விதியில் எழுதப்பட வேண்டியது. அது எழுதப்படும்வரை கேபிளுக்கான துளை சுவரில் இருக்கட்டும்.